டெரிக்: தூக்குமரத்திலிருந்து துறைமுகம் வரை, ஒரு சொல்லின் வேரைத் தேட முழுமையான வழிகாட்டி

சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு கம்பம் நிற்கும். அதன் அடியில் கீல் வைத்துப் பொருத்திய நீண்ட கை ஒன்று வானை நோக்கிச் சாய்ந்திருக்கும். கம்பத்துக்கும் கைக்கும் நடுவே கயிறும் கப்பியும். இந்தப் பாரந்தூக்கும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் டெரிக் என்று பெயர். எண்ணெய்க் கிணற்றின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்துக்கும் அதே பெயர்தான். துறைமுகத்திலும் எண்ணெய் வயலிலும் வேலை பார்க்கிற நம்மவர்களும் மாற்றாமல் டெரிக் என்றே சொல்கிறார்கள்.

இந்தப் பெயர் ஒரு மனிதனுடையது. 1600 வாக்கில் லண்டனில் குற்றவாளிகளைத் தூக்கிலிட்டு வந்த டெரிக் என்பவனின் பெயர் முதலில் தூக்குமரத்துக்கு ஆகி, அங்கிருந்து பாரம் தூக்கும் கருவிக்கு வந்தது என்பதே பெரிய அகராதிகள் ஏற்றுக்கொண்ட வரலாறு. கேட்டவுடன் கட்டுக்கதை போலத்தான் இருக்கும். சொற்களைப் பற்றி உலவும் கதைகளில் பெரும்பகுதி கட்டுக்கதை என்பதும் உண்மை. அப்படியானால் இதை மட்டும் ஏன் நம்பலாம்? அதைச் சோதித்துப் பார்க்கும் வழியைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். டெரிக்கில் பழகிவிட்டால் எந்தக் கருவியின் பெயரையும் இதே முறையில் விசாரிக்கலாம்.

படி 1: கருவியைப் பாருங்கள், அகராதியை அப்புறம் திறக்கலாம்

ஒரு கருவியின் பெயருக்கு வேர் தேடுகிறவர், அந்தக் கருவி எப்படி இயங்குகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். உருவம் மனதில் இல்லாமல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால், பெயர் எந்த ஒற்றுமையால் வந்தது என்பது கடைசிவரை பிடிபடாது.

கப்பல் டெரிக்கின் உறுப்புகள் இவை: நிமிர்ந்த கம்பம்; அதன் அடியில் மேலும் கீழும், இடமும் வலமும் அசையும்படி கீல் வைத்த கை, இதைப் பூம் என்பார்கள்; கம்பத்தின் உச்சியிலிருந்து பூமின் நுனியைப் பிடித்திருக்கும் கயிறு, இதை இழுத்தால் பூம் நிமிரும், தளர்த்தினால் தாழும்; பூம் நுனியிலுள்ள கப்பி வழியாக இறங்கும் சரக்குக் கயிறு, கொக்கி இதன் முனையில் இருக்கிறது. பூமை இடம் வலமாகத் திருப்ப இரு பக்கமும் இழுகயிறுகள் உண்டு. பாரத்தை ஏற்றி இறக்கும் இழுவையை, கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் விஞ்ச் என்ற பொறி பார்த்துக்கொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, எதிர் எடை எதுவும் கிடையாது என்பது. அமைப்பு முழுவதையும் கம்பமும் கயிறுகளும் மட்டுமே தாங்குகின்றன. இன்று கட்டுமானத் தளங்களில் நாம் பார்க்கும் உயர்ந்த டவர் கிரேனுக்குப் பின்பக்கம் கனமான கான்கிரீட் பாளங்கள் தொங்கும். டெரிக்குக்கு அது தேவையில்லை. கம்பம் சாயாமல் நாலாபக்கமும் கயிறு கட்டினால் போதும்.

கப்பலில் இரண்டு டெரிக்கைச் சேர்த்து வேலை வாங்கும் முறை ஒன்று உண்டு. ஒரு பூமைச் சரக்கறையின் வாய்க்கு நேர் மேலாகவும், மற்றொன்றைக் கரைக்கு நேர் மேலாகவும் அசையாமல் கட்டிவிடுவார்கள். இரண்டின் சரக்குக் கயிறுகளும் ஒரே கொக்கியில் சேரும். உள்ளே இருக்கும் மூட்டையை முதல் கயிறு மேலே தூக்கும். பிறகு முதல் விஞ்ச் கயிற்றை விட விட, இரண்டாவது விஞ்ச் இழுத்துக்கொள்ளும். மூட்டை காற்றில் குறுக்கே நகர்ந்து கரையில் இறங்கும். பூம்கள் ஓர் அங்குலமும் அசையாது. இரு விஞ்ச்காரர்களின் கை ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் இது நடக்கும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகத்தின் மூட்டைச் சரக்கில் பெரும்பகுதி இப்படித்தான் ஏறி இறங்கியது.

தரையில் நிற்கும் டெரிக்குகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, கம்பத்தின் உச்சியிலிருந்து சுற்றிலும் கம்பிக்கயிறு கட்டியது. இதில் பூம் கம்பத்தைவிடக் குட்டையாக இருக்கும். அப்போதுதான் கயிறுகளுக்கு அடியில் முழு வட்டமும் சுற்றி வர முடியும். மற்றொன்று, கயிற்றுக்குப் பதிலாக இரண்டு விறைத்த கால்களால் முட்டுக் கொடுத்தது. ஸ்காட்லாந்து டெரிக் என்றும் சொல்வார்கள். கால்கள் குறுக்கே நிற்பதால் முழு வட்டம் சுற்றாது, ஆனால் பூமை நீளமாக வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் கிரேன் இயக்குகிறவர்கள் கிரேனின் கையை உயர்த்தித் தாழ்த்துவதையே டெரிக் செய்தல் என்று வினையாகச் சொல்வதும் உண்டு.

எண்ணெய்க் கிணற்று டெரிக்கில் பூமே இல்லை. நான்கு கால் கோபுரம், உச்சியில் கப்பித் தொகுதி, நடுவில் தொங்கும் கயிறு, அவ்வளவுதான். பூம் இல்லாத ஒன்றுக்கு ஏன் இதே பெயர் என்ற கேள்வியை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அதே வேலைக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்ததா?

இருந்தது. கிரேன் என்ற சொல் ஆங்கிலத்தில் 1300 வாக்கிலேயே பாரந்தூக்கும் இயந்திரத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அது கொக்கு இனத்தைச் சேர்ந்த நெடுங்கழுத்துப் பறவையின் பெயர். நீண்ட கழுத்தை நீட்டிக் குனிந்து நிமிரும் உருவம்தான் காரணம். ஆங்கிலத்துக்கு மட்டுமான கற்பனை அன்று இது. பண்டைய கிரேக்கத்திலும் அந்தப் பறவைக்கும் அந்த இயந்திரத்துக்கும் ஒரே பெயர், பிரெஞ்சிலும் அப்படியே. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செவில் நகரத்து இசிதோர், தோட்டங்களில் நீர் இறைக்கும் துலாவை ஸ்பெயின் மக்கள் நாரையின் பெயரால் அழைப்பதாகவும், பறவை அலகைத் தாழ்த்தி உயர்த்துவது போல அது அசைவதே காரணம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, பாரந்தூக்கிகளுக்கு உருவம் பார்த்துப் பறவைப் பெயர் வைப்பது பழைய வழக்கம். அப்படி ஒரு சொல் நானூறு ஆண்டுகளாகக் கையில் இருக்கும்போது இன்னொரு சொல் நுழைகிறது என்றால், அந்தப் புதிய கருவி வேறு ஏதோ ஒன்றை மக்களுக்கு நினைவூட்டியிருக்க வேண்டும். கம்பம், அதிலிருந்து நீளும் மரம், தொங்கும் கயிறு. 17, 18-ஆம் நூற்றாண்டு லண்டன்வாசியின் கண்ணில் இவை மூன்றும் சேர்ந்து பட்டால் என்ன நினைவுக்கு வந்திருக்கும் என்பதை அடுத்த படிகள் சொல்லும்.

படி 3: மிகப் பழைய பதிவுகளை ஆண்டுவாரியாக அடுக்குங்கள்

இதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு மேற்கோள் தரும் வரலாற்று அகராதி வேண்டும். ஆங்கிலத்துக்கு 1884-லிருந்து பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அப்படிப்பட்டது. சாதாரண அகராதி இன்றைய பொருளை முதலில் தரும்; வரலாற்று அகராதி பழைய பொருளை முதலில் தரும். வேர் தேடுகிறவருக்கு இரண்டாவதுதான் உதவும்.

டெரிக்கை அடுக்கினால் வரிசை இப்படி வருகிறது. 1600-களின் தொடக்கத்தில் தூக்கிலிடுபவன், தூக்கில் இடுதல், தூக்குமரம் ஆகிய பொருள்கள். 1727-ல் கப்பல் சொல்லாக, பாரம் இழுக்கும் கயிறும் கப்பியும் சேர்ந்த அமைப்பு. 19-ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க் கிணற்றுக் கோபுரம். கருவிப் பொருளுக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது தூக்குப் பொருள். வரிசை தலைகீழாக இருந்திருந்தால், அதாவது கப்பல்காரர்கள் முன்பே டெரிக் என்று சொல்லிக்கொண்டிருந்து, தூக்குமரப் பொருள் பிற்பாடு வந்திருந்தால், கதை அங்கேயே விழுந்துவிடும்.

தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். அக்கால அச்சில் ஒரே பெயர் மூன்று நான்கு விதமாக வரும். இன்றைய எழுத்தை மட்டும் வைத்துத் தேடினால் பழைய பதிவுகள் கண்ணில் படாமல் போகும்.

படி 4: ஆள் உண்மையில் இருந்தானா?

பெயர்க் கதைகளில் பாதி இந்த இடத்தில் சரிந்துவிடும். யாரோ ஒருவர் பெயர் என்பார்கள். அந்த யாரோ எந்தப் பழைய தாளிலும் இருக்க மாட்டார். டெரிக் அப்படியல்ல. அவன் வாழ்ந்த காலத்திலேயே அவன் பெயர் அச்சேறியிருக்கிறது.

நாடக ஆசிரியரும் சிறுநூல் எழுத்தாளருமான தாமஸ் டெக்கர், லண்டனின் திருட்டுக் கூட்டங்களைப் பற்றி 1608-ல் வெளியிட்ட நூலில் ஒரு குதிரைத் திருடனைப் பற்றிச் சொல்கிறார்: அவன் பிசாசோடு சுற்றுப் பயணம் போகிறான், அவன் போய் இறங்கும் சத்திரம் டைபர்ன், அங்கே அவனுக்கு விருந்து வைப்பவன் டெரிக். யார் இந்த டெரிக் என்று அந்த நூலில் விளக்கம் எதுவும் இல்லை. அதுவே பெரிய சான்று. விளக்காமலே வாசகருக்குப் புரியும் என்றால், ஊரறிந்த பெயர் அது. 1785-ல் கொச்சைச் சொல் அகராதி தொகுத்த ஃபிரான்சிஸ் கிரோஸும் டெரிக் என்ற சொல்லுக்கு இதே வரியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்.

டைபர்ன் என்பது லண்டனின் தூக்குமேடை இருந்த இடம். இன்று மார்பிள் ஆர்ச் என்ற வளைவு நிற்பதற்குப் பக்கத்தில். 1571-ல் அங்கே முக்கோண வடிவில் ஒரு தூக்குமரம் நட்டார்கள். மூன்று உயர்ந்த தூண்கள், அவற்றை இணைக்கும் மூன்று குறுக்கு மரங்கள். ஒரே நேரத்தில் 24 பேர் வரை தூக்கிலிடலாம். தண்டனை நாளில் ஊரே திரண்டு வந்து பார்க்கும். 1759-ல் அந்த முக்கோண மரம் அகற்றப்பட்டது. டைபர்னில் கடைசித் தூக்கு 1783-ல் நடந்தது. அதாவது கப்பல்காரர்கள் டெரிக் என்ற சொல்லைக் கருவிக்குப் பயன்படுத்தத் தொடங்கிய காலத்தில் டைபர்ன் மரம் லண்டன்வாசிகள் கண்முன்னே நின்றுகொண்டிருந்தது.

டெரிக்கைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. எலிசபெத் அரசிக்கு எதிராகக் கலகம் செய்து தோற்ற எஸ்ஸெக்ஸ் பிரபுவின் தலை 1601 பிப்ரவரி 25 அன்று லண்டன் கோபுரத்தில் வெட்டப்பட்டது. மூன்று வெட்டு தேவைப்பட்டது. அதையொட்டி எழுந்த தெருப்பாட்டில் பிரபு தன்னை வெட்ட வந்தவனைப் பெயர் சொல்லி விளிக்கிறார்: டெரிக், காடிஸில் பெண்ணொருத்தியைக் கெடுத்த குற்றத்துக்காக நீ சாக இருந்தாய், நான்தான் உன் உயிரைக் காத்தேன். காடிஸ் என்பது 1596-ல் எஸ்ஸெக்ஸ் தலைமை தாங்கிப் போய்த் தாக்கிய ஸ்பெயின் துறைமுகம். இதைப் படிக்கிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பாட்டு சொல்வது பாட்டின் செய்தி. நீதிமன்ற ஆவணம் ஆகாது. டெரிக் என்ற பெயர் அக்காலத் தெருக்களில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. காடிஸ் கதைக்கு அதை மட்டும் சாட்சியாக வைத்து எழுதுவது சரியல்ல.

படி 5: ஆளுக்கும் கருவிக்கும் நடுவே உள்ள படிக்கட்டைக் காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இந்தப் படியை மறக்காதீர்கள். ஒரு மனிதன் பெயர் ஒரே தாவலில் கருவிக்குப் போகாது. நடுவில் பொருள்கள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதிவு இருக்க வேண்டும்.

முதல் படிக்கட்டு: டெரிக் என்ற ஆள், தூக்கிலிடுபவன் எவனுக்கும் பொதுப்பெயர் ஆகிறான். இது லண்டனில் வழக்கமாகவே நடந்தது. டெரிக்குக்குப் பின் அந்த வேலைக்கு வந்த கிரெகரி பிரான்டனின் பெயரும் இப்படிப் பரவி, தூக்குமரத்தைக் கிரெகரி மரம் என்றே சொன்னார்கள். 1686-ல் இறந்த ஜாக் கெட்ச் என்ற கொலைத்தொழிலாளியின் பெயர் அதன் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு எல்லாத் தூக்கிலிடுபவர்களுக்கும் பட்டமாக நின்றது. பொம்மலாட்டத்தில்கூட அவன் பாத்திரமானான். பெயர் பொதுப்பெயர் ஆவது அந்தத் தொழிலுக்கே உரிய குணம் போலிருக்கிறது. இலங்கையில் தூக்கிலிடுபவருக்கு இன்றும் அலுகோசு என்றுதான் பெயர், தமிழ்ச் செய்திகளிலும் அப்படியே எழுதுகிறார்கள். அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அவர்களிடம் அது வந்தது அரபு வழியாக, குஸ் என்ற துருக்கிய இனத்தின் பெயரிலிருந்து.

இரண்டாம் படிக்கட்டு: ஆளின் பெயர் அவன் வேலை செய்யும் மரத்துக்கு ஆகிறது. கிரெகரி மரம் இதற்கும் துணைச் சான்று.

மூன்றாம் படிக்கட்டு: தூக்குமரத்தின் பெயர் அதே உருவமுள்ள பாரந்தூக்கிக்கு ஆகிறது. ஆங்கிலேயருக்கு இதை விளக்க அகராதி தேவைப்படுகிறது. தமிழருக்குத் தேவையே இல்லை. பாரம் தூக்குவதும் தூக்கில் இடுவதும் நமக்கு ஒரே வினை. தூக்குமரம், தூக்குத்தண்டனை, பாரந்தூக்கி எல்லாம் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை. ஆனால் நம் மொழியில் எளிதாக இருக்கிறது என்பது ஆங்கிலத்தில் அப்படி நடந்ததற்குச் சான்று ஆகாது. ஆங்கிலத்துக்கு உள்ளேயே ஒத்த வழக்குகளைக் காட்ட வேண்டும்.

காட்ட முடியும். கிரேனின் நீட்டிய கையை ஆங்கிலத்தில் ஜிப் என்பார்கள். அது தூக்குமரத்தைக் குறிக்கும் ஜிப்பெட் என்ற சொல்லின் சுருக்கமாக இருக்கலாம் என்பது அகராதிகளின் கருத்து. அமெரிக்காவில், குறிப்பாக மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரச் செம்புச் சுரங்கங்களில், சுரங்க வாயில் மேல் கப்பி தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தைத் தூக்குமரச் சட்டம் என்றே அழைக்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் 1792-ல் முதன்முதலாகத் தலை வெட்டிய கில்லட்டின் என்ற பொறியின் பெயர் இன்று அச்சகத்தில் காகிதக் கட்டை வெட்டும் இயந்திரத்துக்கு இருக்கிறது. தண்டனைக் கருவியின் பெயர், உருவமோ அசைவோ ஒத்த தொழிற்கருவிக்கு இறங்கி வருவது, பழைய பயம் தேய்ந்து மறைவது, எல்லாம் டெரிக்கில் நடந்தது போலவே.

படி 6: பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதையைக் கழியுங்கள்

டெரிக்கைப் பற்றி அடிக்கடி ஒரு தகவல் எழுதப்படுகிறது. பழைய முறையில் உத்தரத்தில் கயிறு போட்டுத் தூக்கிலிடுவதை அவன் விட்டுவிட்டு, கப்பியும் மேலிழு கயிறும் வைத்த புதுவகைத் தூக்குமரத்தைக் கண்டுபிடித்தானாம். அதனால்தான் பாரந்தூக்கிக்கு அவன் பெயராம்.

இதை நான் ஏற்கவில்லை. காரணம் எளியது. டைபர்னில் யாரையும் கயிறு கட்டி மேலே இழுக்கவில்லை. குற்றவாளியை ஏணியில் ஏற்றி நிறுத்துவார்கள், அல்லது வண்டியில் நிறுத்துவார்கள். கழுத்தில் சுருக்கு மாட்டியபின் ஏணியைத் திருப்பிவிடுவார்கள், அல்லது வண்டியை ஓட்டிவிடுவார்கள். ஆள் கீழே தொங்குவான். மேலே தூக்கும் கப்பிக்கு அங்கே வேலையே இல்லை. மேலும் டைபர்ன் மரம் அந்த முக்கோண மரமாகவே 1759 வரை நின்றது.

இந்தக் கதை ஏன் பிறந்தது என்று பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும். இன்றைய டெரிக்கில் கப்பி இருக்கிறது. ஆகவே அன்றைய டெரிக்கிடமும் கப்பி இருந்திருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் யோசித்துக் கட்டியது அது. ஒற்றுமை இருப்பது அசைவில் இல்லை, உருவத்தில். தூண், மரம், கயிறு. படி 1-ல் குறித்து வைத்த கேள்விக்கும் இதுவே விடை: எண்ணெய்க் கிணற்றுக் கோபுரத்தில் பூம் இல்லாவிட்டாலும், உயர்ந்த மரச்சட்டமும் நடுவில் தொங்கும் கயிறும் இருந்தன, பெயர் ஒட்டிக்கொள்ள அது போதும்.

படி 7: பக்கத்து மொழிகளையும் எட்டிப் பாருங்கள்

டெரிக் என்பது ஆங்கிலப் பெயரே அன்று. டச்சுக்காரர்களின் டிர்க், டீடெரிக், ஜெர்மானியரின் டீட்ரிஷ், எல்லாம் தியோடரிக் என்ற பழைய ஜெர்மானியப் பெயரின் வடிவங்கள். மக்கள், ஆள்பவன் என்ற இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது. இத்தாலியை ஆட்சி செய்து 526-ல் ராவென்னாவில் இறந்த தியோடரிக் மன்னனுக்கும் லண்டன் கொலைத்தொழிலாளிக்கும் ஒரே பெயர்தான்.

இங்கே நேர்மையாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பாய்க்கப்பலில் பூமின் நுனியை உச்சியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் கயிற்றுக்கு டச்சு, ஜெர்மன் மாலுமிகள் டிர்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டெரிக்கின் உயிர்நாடியான அதே கயிறு! ஆங்கிலக் கப்பல் சொற்களில் பெரும் பங்கு டச்சிலிருந்து வந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். அப்படியானால் கப்பல் டெரிக் தூக்குமரத்திலிருந்து வராமல் டச்சு மாலுமிகளிடமிருந்து வந்திருக்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அகராதிகள் தூக்குமரத்தின் பக்கமே நிற்கின்றன; ஆங்கிலத்துக்குள் ஆள், மரம், கருவி என்ற வரிசை பதிவுகளோடு தெளிவாக இருப்பதால் நானும் அந்தப் பக்கமே. ஆனாலும் டிர்க் கயிற்றைச் சொல்லாமல் டெரிக்கின் கதையை எழுதுவது அரைகுறை வேலை.

கருவிக்கு மனிதப் பெயர் வைப்பது கப்பலிலும் பட்டறையிலும் புதிதல்ல. உயிர்காப்புப் படகைக் கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிடும் வளைந்த கைகளுக்கு டேவிட் என்று பெயர். தாவீது என்ற பெயரின் செல்ல வடிவிலிருந்து வந்தது. கார் சக்கரம் மாற்றும்போது அடியில் வைக்கிற ஜாக்கி, ஆங்கிலத்தில் ஜாக். எடுபிடிப் பையன் எவனையும் ஜாக் என்று கூப்பிட்ட காலத்தில், அவன் வேலையைச் செய்த கருவிகளுக்கும் அதே பெயர் விழுந்தது. ஒரு வேறுபாடு: டேவிடும் ஜாக்கும் யாருடைய பெயரும் இல்லை, பொதுவான பெயர்கள். டெரிக் ஒரு குறிப்பிட்ட ஆள். அதனால்தான் டெரிக்குக்கு படி 4 தேவைப்பட்டது, ஜாக்கிக்குத் தேவைப்படாது.

படி 8: சொல் அதன் பிறகு எங்கே போனது?

வேரைக் கண்டதோடு நிறுத்தாமல் கிளைகளையும் பார்ப்பது நல்லது. பிற்காலப் பயன்பாடு பழைய பொருளை எங்கே இழந்தது என்று அது காட்டும்.

1859 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில் ஊரில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் சுமார் 21 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் கிடைத்தது. அந்தக் காலத்துத் துளையிடல் என்பது கனமான இரும்பு உளியைக் கயிற்றில் கட்டி மேலே தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை உடைப்பது. தூக்க உயரம் வேண்டும்; அதற்காகக் கிணற்றின் மேல் மரக்கோபுரம். சில ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க டெரிக்குகள் காடாக எழுந்தன. பக்கத்திலிருந்த ஆயில் சிட்டி என்ற ஊரில் 1871-ல் தொடங்கிய நாளிதழுக்கே டெரிக் என்று பெயர் வைத்தார்கள். பெருமைக்குரிய பெயராக நினைத்து வைத்ததுதான். டைபர்னின் நினைவு அதற்குள் முழுக்க அழிந்துவிட்டது.

கட்டடத் தொழிலில் டெரிக்கின் பொற்காலம் நியூயார்க்கின் வானளாவிகள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் ஏறத்தாழ 57,000 டன் எஃகை 1930-ல் தூக்கி நிறுத்தியவை கம்பிக்கயிறு கட்டிய டெரிக்குகள். கட்டடம் உயர உயர டெரிக்கும் உயர வேண்டுமே, அதை எது தூக்கும்? இதற்குத் தொழிலாளர்கள் கண்ட வழி அழகானது. பூமைக் கழற்றி நிமிர்த்தி நிறுத்துவார்கள். அது தற்காலிகக் கம்பமாகிப் பெரிய கம்பத்தை மேல்தளத்துக்குத் தூக்கிவிடும். மேலே போய் நின்ற கம்பம் பிறகு பூமை இழுத்துக்கொள்ளும். ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு இரண்டும் வானம்வரை போயின.

கப்பலில் டெரிக்கின் காலம் முடியத் தொடங்கியது 1956-ல். அந்த ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கன்டெய்னர்களோடு நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. மூட்டை போய்ப் பெட்டி வந்தபின், தூக்கும் வேலை கப்பலை விட்டுக் கரையில் நிற்கும் பெரிய கிரேன்களுக்கு மாறிவிட்டது. டெரிக் என்ற பெயரை இன்று அதிகம் கேட்பது எண்ணெய் வயல்களில்.

படி 9: கற்றதை நம் ஊர்ச் சொல்லில் சோதித்துப் பாருங்கள்

பயிற்சிக்கு ஒரு சொல். கிணற்றிலிருந்து நீர் இறைக்க நம் உழவர்கள் பயன்படுத்திய ஏற்றத்தை மதராஸ் மாகாண ஆங்கிலேயர்கள் பிக்கோட்டா என்று எழுதினார்கள். பழைய வருவாய்த்துறை நூல்களில் இந்தச் சொல் அடிக்கடி வரும். தமிழ் போலவும் இல்லை, ஆங்கிலம் போலவும் இல்லை.

தேடிப் போனால் போர்த்துக்கேயத்தில் பிக்கோட்டா என்ற சொல் கிடைக்கும். குற்றவாளியைக் கட்டி வைத்து ஊரார் முன் அவமானப்படுத்தும் தண்டனைத் தூண் என்று பொருள். உடனே கை பரபரக்கும்: டெரிக்கைப் போலவே இதுவும் தண்டனை மரத்திலிருந்து ஏற்றத்துக்கு வந்ததுதான் என்று எழுதிவிடத் தோன்றும். எழுத வேண்டாம். படி 5-ஐப் பயன்படுத்துங்கள். நடுவில் ஏதாவது படிக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

இருக்கிறது. போர்த்துக்கேய மாலுமிகள் கப்பலில் புகுந்த நீரை இறைக்கும் பம்பின் கைப்பிடிக்கும் பிக்கோட்டா என்றே சொன்னார்கள். மேலும் கீழும் அசைத்து நீர் இறைக்கும் நெடிய மரம். கரையில் இறங்கியவர்கள் ஏற்றத்தைக் கண்டு அந்தப் பெயரைச் சொன்னதில் வியப்பில்லை. இந்திய ஆங்கிலச் சொற்களுக்கு 1886-ல் வெளிவந்த புகழ்பெற்ற அகராதி ஏற்றத்தின் பெயரை இந்தப் போர்த்துக்கேயச் சொல்லோடுதான் இணைக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். ஏற்றம் ஓடுவதைத் தஞ்சைப் பக்கம் நேரில் பார்க்க வாய்ப்பிருந்த மனிதர்.

இப்போது டெரிக்கையும் பிக்கோட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு தண்டனை மரம் இருக்கிறது, இரண்டிலும் பாரம் தூக்கும் கருவி இருக்கிறது. ஆனால் டெரிக்கில் கருவிக்கு நேர் முந்திய படிக்கட்டு தூக்குமரமே. பிக்கோட்டாவில் நேர் முந்திய படிக்கட்டு கப்பல் பம்பு. அடுத்து எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குப் பட்டறையிலும் துறையிலும் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. விஞ்சிலிருந்தே தொடங்கலாம், முதலில் அதன் உருளை எந்தப் பக்கம் சுற்றுகிறது, கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அகராதியைத் திறங்கள்.